கையில் காசு இல்லாத 61 நாள்: காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் பரிசு!

ஏப்ரல் 15-ந் தேதி பிறந்தால் போதும், காசிமேடு மீன்பிடி துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிப் போடப்படும். ஜூன் 14-ந் தேதி வரை, மொத்தம் 61 நாள், அவை கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் கிழக்குக் கடற்கரை முழுவதும் இந்தத் தடை.

ஐஸ் வண்டிகள் குறைந்துவிடும். பைபர் படகுக்காரர்கள் மட்டும் கரையோரம் போய் வருவார்கள். ஏலம் கூவுகிற சத்தம் பாதியாகும். டீக்கடையில் கடன் நோட்டு தடிக்கும்.

தடைக்கால நிவாரணமாக ஒரு மீனவக் குடும்பத்துக்கு அரசு அறிவித்த தொகை 8 ஆயிரம் ரூபாய். 61 நாளுக்கு வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். அரிசி, பால், வாடகை, கரண்ட் பில் எல்லாம் அதற்குள் அடக்கம்!

ஆனால் இதே சமயத்தில்தான் பள்ளிக்கூடங்களுக்கு முழுப் பரீட்சை லீவும் வருகிறது.

வருஷம் பூராவும் அப்பா கடலில். ஒரு தடவை போனால் பத்து நாள், பதினைந்து நாள் கூட ஆகும். கரைக்கு வந்தாலும் வலை, என்ஜின், கணக்கு வழக்கு என்று பொழுது போய்விடும். தூக்கம் பாக்கி. பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது என்பதே சில அப்பாக்களுக்கு யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த அப்பா ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பையனும் உட்கார்ந்திருக்கிறான். பையில் பணம் இல்லை. நேரம் மட்டும் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

இந்த நேரத்தை என்ன செய்வது?

பர்மா பஜார் கார்

மற்ற மாதங்களில் நடப்பது வேறு. படகு நல்ல மீனோடு திரும்பினால், பையனுக்கு ஒரு ரிமோட் கார். பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜாரில் கிடைக்காத பொம்மையா? பொண்ணுக்கு கண் சிமிட்டும் பொம்மை. பதினைந்து நாள் வீட்டில் இல்லாததற்கு ஈடு கொடுத்தாகிவிட்டது என்று அப்பாவுக்கு மனசு லேசாகிவிடும்.

கார் நாலு நாள் ஓடும். ஐந்தாவது நாள் ஒரு சக்கரம் கழன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அதற்குள் அப்பா மறுபடி கடலில்.

மீனவர் வீட்டில் மட்டும் இந்தக் கதை நடக்கவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி டிரைவருக்கும் இதே கதைதான். மணலி, எண்ணூர் பக்கம் நைட் ஷிப்ட் பார்க்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி வீட்டிலும் அப்படியே. அப்பா வரும்போது பிள்ளை ஸ்கூலுக்குக் கிளம்பும். பிள்ளை வரும்போது அப்பா தூங்குவார். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. பிள்ளையோடு ஒரு பகல் சுற்றுவது என்றால் அந்தக் கூலியை விட்டுக் கொடுக்க வேண்டும். அதோடு ஒத்துப் பார்த்தால் பொம்மை மலிவு!

அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள்

பொருள் வாங்கினால் சந்தோஷமா, ஓர் இடத்துக்குப் போய் வந்தால் சந்தோஷமா என்று அமெரிக்க மனநூல் அறிஞர்கள் வான் போவன், கிலோவிச் இருவரும் ஆராய்ந்து 2003-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். போய் வந்ததுதான் பெரும்பாலானவர்களுக்கு அதிக சந்தோஷம் தந்தது என்றார்கள்.

ஆனால் அது பெரியவர்கள் விஷயம். பிள்ளைகள்?

2020-ம் ஆண்டு லான் சாப்ளின் என்ற பெண்மணியும் அவருடன் சேர்ந்தவர்களும் 3 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். அதில் வந்த முடிவு கொஞ்சம் ஏறுமாறானது. பெரிய பிள்ளைகளுக்கு போய் வந்த இடங்கள் அதிக சந்தோஷம் தந்தன. சின்னப் பிள்ளைகளுக்கோ கையில் கிடைத்த பொருள்தான் அதிக சந்தோஷம்!

ஆக, "பொம்மை வேணும்" என்று அழுகிற நாலு வயசுக்காரனைத் திட்டிப் புண்ணியம் இல்லை. பொம்மை கண் முன்னால் இருக்கிறது. போன மாசம் பார்த்த கடலை அவன் மனசு இன்னும் பிடித்து வைத்துக் கொள்ளவில்லை. ஞாபகம் ஊன்ற வயசு வேண்டும்.

அதற்கு ஒரு வழியும் அந்த ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. போய் வந்ததை ஞாபகப்படுத்துகிற மாதிரி போட்டோ காட்டினால் சின்னப் பிள்ளைகளுக்கும் அந்த சந்தோஷம் கூடுகிறது. செல்போனில் எடுத்ததை செல்போனிலேயே புதைத்துவிடாமல், ஸ்டூடியோவில் ஒரு பிரிண்ட் போட்டு சுவரில் ஒட்டலாம். ரெயில் டிக்கெட்டைக் கிழித்துப் போடாமல் பிள்ளை கையில் கொடுக்கலாம். பொறுக்கி வந்த கிளிஞ்சலை அம்மா குப்பையில் கொட்டாமல் இருந்தால் அதுவும் பெரிய உபகாரம்.

5 ரூபாய் பயணம்

வெளியே போவது என்றால் மாலுக்குப் போய் ஆயிரம் ரூபாய் கரைப்பது என்று ஆகிவிட்டது. வடசென்னைக்காரர்களுக்கு அது தேவையே இல்லை.

ராயபுரம் ரெயில் நிலையத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். தென்னிந்தியாவில் முதல் ரெயில் புறப்பட்ட இடம் இது. 1856-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். ஜூலை 1-ந் தேதி முதல் ஆற்காடு பக்கம் வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கு ரெயில் ஓடியது. நாட்டில் இன்றும் நிற்கிற ரெயில் நிலையக் கட்டிடங்களில் இதுதான் ரொம்பப் பழசு. அந்தப் பெரிய தூண்களுக்குப் பக்கத்தில் தினமும் நடந்து போகிற எத்தனை பேர் பிள்ளைக்கு இதைச் சொல்லியிருப்பார்கள்?

அங்கேயிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் யூனிட் ரெயில் ஏறினால் எண்ணூர் வரை 5 ரூபாய் டிக்கெட். 5 வயதுக்குள் இருந்தால் டிக்கெட்டே கிடையாது.

ஜன்னல் ஓரம் பிள்ளைக்கு. அப்புறம் வரிசையாகக் கேள்வி வரும்.

"நைனா, இது இன்னா ஊரு?"

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். ஒவ்வொரு பேருக்கும் ஒரு கதை இருக்கிறது. விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனி பேர் என்று இன்றைய பிள்ளைக்குத் தெரியாது. அங்கே வேலை பார்த்த தாத்தா வீட்டிலேயே இருக்கக் கூடும். அவரையும் கூட்டிப் போனால் கதைக்குப் பஞ்சம் இருக்காது!

மெட்ரோ ரெயில் ஆசை இருந்தால் அதற்கும் வழி உண்டு. வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரி 14-ந் தேதி மெட்ரோ திறக்கப்பட்டது. தண்டையார்பேட்டை வரை சுரங்கத்தில் போகிற ரெயில், அதைத் தாண்டியதும் வெளிச்சத்துக்கு ஏறி பாலத்து மேல் ஓடுகிறது. பெரியவர்களே எட்டிப் பார்க்கிறார்கள், பிள்ளைகளைக் கேட்கவா வேண்டும்?

அம்மாக்களுக்கு இன்னொரு வசதி. சாதாரண கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பயணம் 2021 மே மாதத்தில் தொடங்கியது. அப்பாவுக்கு லீவு கிடைக்காவிட்டால் அம்மாவும் பொண்ணும் எழும்பூர் மியூசியம் போய் வரலாம். ஒரு டிபன் பாக்சில் புளிசாதம், ஒரு பாட்டில் தண்ணி. மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு, அதை மட்டும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

கோவில் பக்கம் போகிறவர்களுக்கு திருவொற்றியூர் இருக்கிறது. ஆதிபுரீஸ்வரர் மேல் வருஷம் பூராவும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பவுர்ணமியை ஒட்டி 3 நாள்தான் கவசம் இல்லாத தரிசனம். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வளர்ந்த வள்ளலார், சின்ன வயசில் அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே வந்தவர். அந்தத் தூரத்தை இப்போது பஸ்சில் போகிற பிள்ளையிடம் சொன்னால் நம்பாது.

ஆயுத பூஜை அன்று அப்பா ராஜா

தொழிற்பேட்டைக் குடும்பங்களுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. இதற்கு யாரும் பரிசு என்று பேர் வைக்கவில்லை.

ஆயுத பூஜை! பட்டறைகள், லாரி ஷெட்டுகள், லேத்து கடைகள், சில கம்பெனிகள் எல்லாம் அன்று கதவைத் திறந்து விடும். மெஷினுக்கு சந்தனம், குங்குமம், மாலை. வாசலில் பூசணிக்காய். பிள்ளைகள் புதுச் சட்டை போட்டுக் கொண்டு அப்பா கையைப் பிடித்தபடி உள்ளே வருவார்கள்.

வீட்டில் அப்பா என்றால் சட்டையில் கிரீஸ் வாடை, ராத்திரி லேட்டாக வருகிறவர், சத்தம் போட்டால் எரிந்து விழுகிறவர். அவ்வளவுதான் தெரியும். பட்டறைக்குள் வந்தால்தான் அவர் எவ்வளவு பெரிய மெஷினைத் தன் கைக்குள் வைத்து ஆட்டி வைக்கிறார் என்று கண்ணால் பார்க்க முடியும். மேஸ்திரி வந்து, "உங்கப்பா இல்லேன்னா இந்த மெஷின் ஓடாது கண்ணு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையில் பொரி, கடலைப் பொட்டலத்தோடு வீடு திரும்புகிற பிள்ளை தெரு முழுக்க அதைச் சொல்லும்.

இப்போது பல கம்பெனிகளில் பாதுகாப்பு விதி என்று பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. கான்ட்ராக்ட் ஆளுக்கு கேட் பாஸ் கிடைப்பதே பெரும்பாடு, குடும்பத்தை எங்கே அழைத்துப் போவது? ஆபத்தான ரசாயனம் இருக்கும் இடத்தில் அந்த விதி நியாயம்தான். மற்ற இடங்களில் வருஷத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், மெஷினை நிறுத்தி வைத்துக் கொண்டு பிள்ளைகளை விட்டால் முதலாளிக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

எதிரே உட்கார ஆள் வேண்டும்

பொருளே வாங்கக் கூடாது என்று இல்லை. எதை வாங்குகிறோம், வாங்கிய பிறகு என்ன செய்கிறோம் என்று பார்க்க வேண்டும். இதற்கு வடசென்னையிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது.

புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் தனிநபர், இரட்டையர், குழு என்று மூன்று பிரிவிலும் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது.

அப்பா ஆட்டோ டிரைவர். ஆட்டோ ஓட்டிய நேரம் போக அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு கேரம் சொல்லிக் கொடுக்கிறவர். காசிமாவுக்கு முதல் வாத்தியாரும் அவர்தான்.

கேரம் போர்டு கடையில் கிடைக்கும். அதுவும் ஒரு சாமான்தான். நாலு மூலைப் பை, கறுப்பு வெள்ளைக் காயின், ஒரு ரெட், ஒரு ஸ்ட்ரைக்கர், ஒரு டப்பா பவுடர். வாங்கிக் கொடுத்துவிட்டு, "போய் ஆடு" என்று விரட்டினால் பத்தாவது நாள் அது பரண் மேல் ஏறும். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து, "ரெட்டைப் போட்டுட்டு பாலோ விட்டுட்டியே!" என்று கத்தினால்தான் போர்டுக்கு உயிர் வரும். ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் பல்பு வெளிச்சத்தில் ராத்திரி வரை கேரம் ஆடிய தலைமுறைக்கு இது புதுசு இல்லை.

எல்லாப் பிள்ளையும் உலகக் கோப்பைக்குப் போகப் போவதில்லை. போக வேண்டியதும் இல்லை. அப்பாவை ஒரு ஆட்டத்தில் ஜெயித்துவிட்ட ராத்திரி எந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வரும்?

மணல் எங்கே போச்சு?

கடல் பக்கத்தில் இருக்கிறோம், பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனால் போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல்.

1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். இந்தக் கரையோரம் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் நீரோட்டம் தெற்கில் இருந்து வடக்கே மணலைத் தள்ளிக் கொண்டு போகும். சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா அகல அகலமாக வளர்ந்தது இப்படித்தான். 1880-களில் கவர்னர் கிராண்ட் டப் அங்கே நடைபாதை போட்டார்.

வடக்கே? வர வேண்டிய மணல் வராததால் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை வீடுகள் போயின, தெருக்கள் போயின. தடுக்கப் பாறாங்கல் கொட்டினார்கள். இன்று வடசென்னைப் பிள்ளைக்குப் பல இடங்களில் மணல் வீடு கட்ட மணல் இல்லை. பாறை மேல் உட்கார்ந்துதான் கடலைப் பார்க்க வேண்டும். மெரினாவில் சுண்டல் தின்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயம் இல்லை.

எண்ணூர் முகத்துவாரம் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் உல்லாசமாகப் பொழுது போக்க வந்த இடம். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற அங்கே, தண்ணீரில் இறங்கி கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைப் புத்தகம் பார்த்து யாரும் கற்கவில்லை. அம்மாவோ அப்பாவோ கூட்டிக் கொண்டு போய் தண்ணீரில் இறக்கிக் கற்றுக் கொடுத்தது. அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றை மேடாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து படகு, வலை, அலையாத்திச் செடி என்று அத்தனையிலும் கறுப்பாக அப்பியது. இதெல்லாம் சரியாகாமல், "வாடா, இறால் பிடிக்கக் கத்துக் குடுக்கிறேன்" என்று எந்த அப்பா பிள்ளையை அந்தத் தண்ணீரில் இறக்குவார்?

இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

தூண்டில் வளைவுப் பக்கம் குளிக்கிற பிள்ளைகளை அலை இழுத்துப் போவது புதிதல்ல. பாறையில் பாசி வழுக்கும். மணல் இருக்கிற இடத்திலும் திடீர்ப் பள்ளம் உண்டு. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்று தைரியமாக விடுகிறவர்களும், "கால் மட்டும் நனைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு செல்போன் பார்க்கிறவர்களும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்.

படகு சவாரி ஆசையும் அப்படித்தான். 2011 டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பழவேற்காடு வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். பிள்ளைகளும் அதில் அடக்கம். அதன் பிறகு அங்கே சுற்றுலா படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்கும் பூநாரைகளைக் கரையில் நின்றே பார்க்கலாம். பொன்னேரி வரை ரெயில், அப்புறம் பஸ். "தெரிஞ்சவரு படகுதான், ஏறிக்கோங்க" என்று யாராவது கூப்பிட்டால், லைப் ஜாக்கெட் எங்கே என்று முதலில் கேளுங்கள்.

ஜூன் 14

தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் காசிமேடு மறுபடி சுறுசுறுப்பாகும். பெயிண்ட் அடித்த படகுகள் தண்ணீரில் இறங்கும். ஐஸ் ஏறும், டீசல் ஏறும், அரிசி மூட்டை ஏறும். வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக் கொண்டிருக்கும்போது யாரும் ஒரு நாள் கூடத் தாமதிக்க மாட்டார்கள். அதற்குள் பள்ளிக்கூடங்களும் பெரும்பாலும் திறந்திருக்கும்.

14-ந் தேதி நள்ளிரவு தாண்டியதும் என்ஜின் சத்தம் கிளம்பும். திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்பது மீனைப் பொறுத்தது. பிள்ளைக்கு அடுத்த முழு லீவு ஏப்ரல் கடைசியில்தான்.